கோட்டைக் கதவும் தேசுவின் பங்கும்

"கர்ர்... டொக், கர்ர்... டொக்." பிளாப்பியை உள்ளே தள்ளியதும் கம்ப்யூட்டருக்குள் யாரோ முறுக்குக் கடிப்பதுபோல எழும் அந்தச் சத்தம்தான் எனக்கு என் பதின்மூன்று வயதின் சத்தம். வாசல் பக்கம் கடல்காற்று கருவாட்டு வாசனையை அள்ளிக்கொண்டு வரும், காற்று திசை மாறினால் மணலிப் பக்கத்து ஆலை நாற்றம் வரும், நடுவே எங்கள் ராயபுரத்து வீட்டுக் கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே அந்தப் பெட்டி உறுமிக்கொண்டு என் முழங்காலில் அனல் விடும், நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பிளாப்பி பிழைக்குமா சாகுமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயது என்றதும் எல்லோரும் மாமரம், கிணறு என்று எழுதுகிறார்கள். எங்கள் சந்தில் மாமரமும் இல்லை, கிணறும் இல்லை. ஒரு குழாயடி இருந்தது, அப்புறம் ஒரு கோட்டை இருந்தது. அந்தக் கோட்டையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டியபோது அதில் ஒன்றை வாங்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "வூட்ல மிக்ஸி ரிப்பேராகி குந்திகினு கீது, இதுல டிவி மாதிரி ஒண்ணத் தூக்கினு வந்துட்டாரு" என்றாள். ஆனால் மறுநாளே தன் பழைய நைலக்ஸ் புடவையைக் கிழித்து அதற்கு ஓர் உறை தைத்தவளும் அவள்தான்.

அண்ணன் ஜெரோம் என்னைவிட மூன்று வயது பெரியவன். அவன் பர்மா பஜாரில் இருந்து ஒரு சிடி கொண்டுவந்தான். அதன்மேல் மார்க்கரில் எழுதியிருந்த பெயர் அவன் சட்டைப்பை வியர்வையிலேயே அழிந்து போயிருந்ததால் அந்த விளையாட்டின் உண்மையான பெயர் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதைக் "கோட்டை" என்றோம். ஓர் அநாதைப் பிள்ளை, கையில் ஒரு குச்சி, பையில் ஒரு காய்ந்த ரொட்டி, இவற்றோடு ஒரு கிராமத்தில் தொடங்கும் கதை. நாம்தான் அந்தப் பிள்ளை. பெயர் நாம் வைக்கலாம், முகம் நாம் தேர்ந்தெடுக்கலாம், வழியில் துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாம். எலி அடித்து, ஓநாய் அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் கூடி, கடைசியில் மலையுச்சியில் இருக்கும் ஒரு கோட்டையின் கதவைத் திறக்க வேண்டும். ஒரே ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆடுவதற்காகவே செய்யப்பட்ட விளையாட்டு அது.

தனியாக என்ற சொல்லை நான் சும்மா எழுதவில்லை. எங்கள் வீட்டில் எனக்கென்று தனியாக எதுவும் கிடையாது. பாய், தலையணை, ஸ்கூல் பை, சைக்கிள் எல்லாமே ஜெரோமிடமிருந்து இறங்கி வந்தவை. அந்தக் கோட்டைக்குப் போகிற வழி மட்டும் என்னுடையது. என் ஆளுக்குக் "கப்பல்காரி" என்று பெயர் வைத்தேன். ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கிராமத்தில் ஒவ்வொருவரும் சொல்வதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கிணற்றடியில் அழும் கிழவனுக்கு ஏன் அழுகை, மாவு மில்காரனுக்கும் அவன் தம்பிக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். ரொட்டி வாங்க வேண்டுமே என்று மழையில் எலி வேட்டைக்குப் போன கப்பல்காரியை நினைத்து நான் நிஜமாகவே பெருமைப்பட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், பரீட்சையில் எடுத்த மார்க்குக்குக் கூட அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

ஆனால் பிற்பாடுதான் தெரிந்தது, தனியாள் விளையாட்டு என்றாலும் அதற்கு ஒரு கொல்லைப்புறக் கதவு இருந்தது. கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்தால் பலபேர் சேர்ந்தும் ஆடலாம். ஸ்டேஷன் பக்கத்தில் அக்பர் பாய் வைத்திருந்த "பிரவுசிங் சென்டர்" அப்படி வயரால் இணைந்தது. அங்கே ஜெரோமோடு ஒட்டிக்கொண்டு ஆடியவன்தான் தேசு. தேசப்பன் என்பது முழுப்பெயர், ஜெரோமின் வகுப்பு, காசிமேட்டுக்காரன், அவன் நைனாவுக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருந்தது. யார் என்ன சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வதைப் பிறவிக் குணமாக வைத்திருந்தான். வாத்தியார் உட்கார் என்றால் நிற்பான், நில் என்றால் வெளியே போய்விடுவான். வாய் நிறையச் சிரிப்பு வேறு, அதனால் யாராலும் அவன்மேல் கோபத்தை வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது.

ஒருநாள் அவர்கள் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். எனக்குப் பகீர் என்றது. கிணற்றடிக் கிழவன் வாயைத் திறப்பதற்குள் தேசு பட்டனைத் தட்டி அவன் பேச்சைத் தாண்டிவிட்டான். "அவுரு இன்னா சொல்றாருன்னு கேளேன்" என்றேன். "பேசிக்கினே இருந்தா அப்பால எப்ப அடிக்கிறது?" என்றான் தேசு. பலபேர் சேர்ந்து ஆடும்போது கதைக்கு இடமே இல்லை. ஒருவன் படித்துக்கொண்டிருந்தால் மற்றவன் காட்டுக்குள் ஓடிவிடுகிறான். அதுபோதாதென்று பாய் கடைப் பையன்கள் ஒரு வித்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒருவன் தன் வாளை இன்னொருவனுக்குக் கொடுப்பான், அப்புறம் கொடுப்பதற்கு முன்னால் பதிந்துவைத்த ஆட்டத்தை மறுபடி திறப்பான். கொடுத்தவனிடமும் வாள் இருக்கும், வாங்கியவனிடமும் இருக்கும். இப்படியே அந்தக் கடையில் எல்லோரும் தலைமுதல் கால்வரை தங்கக் கவசம் போட்டுக்கொண்டு திரிந்தார்கள், எலிக்குப் பயந்தவன் ஒருவன்கூட இல்லை.

அந்த வினை எங்கள் வீட்டுக்குள்ளேயும் வந்தது. ஒரு சனிக்கிழமை நான் சர்ச்சில் நடக்கும் ஞானோபதேச வகுப்புக்குப் போய்த் திரும்பி வந்தபோது, ஜெரோம் அக்பர் பாய் கடையில் வளர்த்த தன் ஆளைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்து என் ஆட்டத்துக்குள் இறக்கியிருந்தான். அவன் ஆளின் பெயர் "பாஸ்". தங்கக் கவசம், தீப்பிடித்த வாள், தலையில் கொம்பு. என் கப்பல்காரி கிழிந்த சட்டையோடு பக்கத்தில் நிற்கிறாள். கிராமத்துத் தலைவர் வந்து அந்தத் தடியனைப் பார்த்து, "ஐயோ பாவம், தாயில்லாப் பிள்ளையே, இந்தக் குச்சியை வைத்துக்கொள்" என்று சொல்கிறார்! அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்வது, அவருக்கு எழுதிக்கொடுத்த வசனம் அவ்வளவுதான். பாஸ் வாளை ஓங்கினால் ஓங்கின வீச்சிலேயே எல்லாம் செத்து விழுந்தன. நான் எவ்வளவோ நாளாகப் பயந்து பயந்து ஒதுங்கிப் போன ஓநாய்க் குகையை அவன் வடை தின்றுகொண்டே ஒரு கையால் முடித்துவிட்டிருந்தான். "உனுக்கு ஹெல்ப்தான பண்ணேன் ரீட்டா" என்றான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன், அப்புறம் ஸ்விட்சை அணைத்தேன், அப்புறம் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அவன் திருப்பி வைத்தான். அம்மா மீன் செதில் ஒட்டிய கையோடு ஓடிவந்து இருவரையும் பிரித்து, விவகாரம் என்னவென்று கேட்டாள். அவளுக்குக் கேமைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் நியாயம் தெரியும். "இன்னாடா ஜெரோமு, அவ வூட்டுக்குள்ள செருப்புக் காலோட போயிருக்கியே, உன்ன யார்னா கூப்ட்டாங்களா?" என்று கேட்டாள்.  நல்லவேளையாக அவன் ஆள் வருவதற்கு முந்தின நாள் பதிந்த ஆட்டம் வேறொரு பிளாப்பியில் இருந்ததால் என் ஓநாய்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

நாலைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஜெரோமே ஒரு சமாதானம் சொன்னான். அவன், நான், தேசு மூவரும் புதிதாக ஓர் ஆட்டம் தொடங்குவது. எல்லோரும் குச்சியில் இருந்துதான், வாளை இரண்டாக்கும் வித்தை கூடாது, கிழவன் பேசினால் வாய்மூடிக் கேட்க வேண்டும். தேசு தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, உன் தங்கச்சி பேஜாரு தாங்கல, ஒயிஞ்சி போவுது" என்று ஒத்துக்கொண்டான். நானும் ஜெரோமும் கப்பல்காரி, பாஸ் என்ற பழைய பெயர்களையே வைத்தோம், அவன் தன் ஆளுக்குத் தேசு என்று தன் பெயரையே வைத்தான். கோட்டைக் கதவை மூன்று பேரும் சேர்ந்துதான் திறப்பது, ஒருவர் குறைந்தாலும் திறப்பதில்லை என்று மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தோம். தேசு வேறு சாமிக்காரன்தான், ஆனாலும் எங்களுக்கு முன்னால் அவன்தான் கையை வைத்தான்.

பள்ளி விட்டதும் பாய் கடை. அக்பர் பாய் மூன்று கம்ப்யூட்டரை எங்களுக்கு ஒதுக்கிவிட்டு, "சண்ட போட்டீங்கன்னா வயரப் புடுங்கிடுவேன்" என்று மிரட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆட்டம் முடிந்ததும் அதைப் பிளாப்பியில் பதிந்து எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் வைப்பது என் வேலை. தனியாக ஆடியபோது இல்லாத ஒன்று இதில் இருந்தது, என்னவென்றால் நான் நினைக்காதது நடந்தது. நான் கிழவனிடம் விசாரித்துக்கொண்டிருக்கும்போது தேசு எங்கேயோ ஓடி, எதையோ சீண்டி, ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவருவான். திட்டிக்கொண்டே சண்டை போடுவோம். தேசு பெரும்பாலும் செத்துப்போவான். அவனைத் தூக்கிக்கொண்டு வெகுதூரத்தில் இருக்கும் துறவி மடத்துக்குப் போனால் அங்கே உயிர் கொடுப்பார்கள். பாதி ஆட்டம் அவனைச் சுமந்துகொண்டு மடத்துக்கு நடந்ததிலேயே போனது.

அந்தச் சமயத்தில் ஜெரோம் மஞ்சள்காமாலை வந்து வீட்டோடு படுத்துவிட்டான். அவன் ஆள் விளையாட்டுக்குள்ளே சத்திரத்தில் இருந்தான், தேசுவும் நானும் மட்டும் போனோம். ஒரு குகையில் நல்ல வில் ஒன்றும் சில பொருள்களும் கிடைத்தன. நான் இரண்டாகப் பிரிக்கப் போனேன். தேசு முறைத்தான். "ஜெரோமுக்கு?" என்றான். அவன்தான் வரவில்லையே என்றேன். "வரலன்னா இன்னா? படகுல பேரு கீற வரிக்கும் பங்கு கீது" என்றான்.

அது அவன் நைனா எப்போதும் சொல்லும் வார்த்தை. காசிமேட்டில் படகு கரைக்கு வந்து மீன் விற்றதும் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். அந்தப் படகில் போகிற ஒருவன் காய்ச்சலில் கிடந்து அன்றைக்குக் கடலுக்கு வராவிட்டாலும் அவன் பங்கு அவன் வீட்டுக்குப் போய்விடும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், நாளைக்கு யார் படுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? தேசுவுக்கு அது சட்டம்கூட இல்லை, மூச்சு விடுவதுபோல ஒரு பழக்கம். அந்த நல்ல வில்லைக் கொண்டுபோய், சத்திரத்தில் நின்றுகொண்டிருந்த ஜெரோமின் ஆளுடைய காலடியில் வைத்தோம். உடம்பு தேறி ஜெரோம் முதல்நாள் பாய் கடைக்கு வந்து, தன் ஆளின் காலடியில் குவிந்து கிடந்ததைப் பார்த்தான். பத்தியச் சோற்றில் இளைத்த முகம் பூரித்துப் போனது.

கோட்டைக்குக் கிட்டத்தில் வந்துவிட்டோம். அப்போதுதான் தேசு குடும்பம் எண்ணூருக்குப் போனது. அவன் அம்மா வழியில் அங்கே ஒரு படகு கிடைத்தது, நைனா அங்கேயே தங்கித் தொழில் செய்ய முடிவெடுத்தார், தேசுவை அங்கிருந்த பள்ளியில் சேர்த்தார்கள். இப்போது யோசித்தால் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் என்ன பெரிய தூரம், ஒரு பஸ் ஏறினால் போகிற இடம். அந்த வயதில் அது கன்னியாகுமரி. போகிற அன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று, "கதவத் தொறந்துடாதீங்கடா, நான் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மீன்பாடி வண்டியில் சட்டி பானைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தான்.

பிளாப்பி எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் பூசை முடிந்து வந்து, அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். "இது பலர் சேர்ந்து ஆடிய ஆட்டம், தனியாகத் தொடரலாமா?" என்று கேட்டது. ஆம் என்றேன். கர்ர்... டொக். திறந்தது. மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் இப்போது மூவரும் என் மவுசுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

தேசுவின் ஆளைத் தொட்டு, இங்கே வா என்றேன். வந்தான். அங்கே நில் என்றேன். நின்றான்.  தேசுவாவது, சொன்ன இடத்தில் நிற்பதாவது! அவன் முகம், அவன் பெயர், அவன் பொறுக்கிச் சேர்த்த பச்சைத் தொப்பி எல்லாம் இருக்கின்றன, ஆனால் உள்ளே ஆள் இல்லை. எங்கள் மூவரின் ஆட்டம் தனியாள் ஆட்டமாக மாறியதும் அவன் கைகட்டி நிற்கிற வேலைக்காரன் ஆகிவிட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜெரோமுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. "நல்லதாப் போச்சி. மூணு பேரும் கீறாங்க இல்ல? முடிச்சிரலாம்" என்றான். தேசு இல்லாமல் எப்படி என்றேன். "அவன் வரமாட்டான்டி. போனவன் போனான், புத்தி கெட்டவளே" என்றான். எனக்கு வந்த கோபத்தில் பிளாப்பியைப் பிடுங்கி ஜாக்கெட் போட்ட மாதிரி பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டேன். அம்மா அதை உலையோடு போடாமல் இருந்தது தேவ கிருபை.

ஆனால் ஒளித்துவைத்தால் மட்டும் என்ன ஆயிற்று? பாதியில் நிற்கும் கதை தொண்டையில் மாட்டிய மீன்முள். நானே அதை வெளியே எடுத்தேன். தேசுவைச் சத்திரத்திலேயே விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மட்டும் கோட்டைவரை போவது என்று முதலில் பார்த்தோம், அப்படிச் செய்தால் நாங்கள் வளர வளர அவன் மட்டும் சோப்ளாங்கியாகக் கிடந்தான். அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு பட்டனைக் கண்டுபிடித்தேன். அதை அழுத்தினால் அந்த ஆள் நம் கட்டளைக்குக் காத்திராமல் தானாகவே நடப்பான், தானாகவே சண்டை போடுவான். தேசுவுக்கு மட்டும் அதை அழுத்தினேன்.

அடேயப்பா! அடுத்த கணமே அவன் பிய்த்துக்கொண்டு ஓடினான். எங்களைத் திரும்பியும் பார்க்காமல் காட்டுக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்த ஒரு கரடியை எழுப்பி, அதன் சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தான், வந்து எங்கள் கண்ணெதிரிலேயே செத்தும் போனான். ஜெரோம் வாய்விட்டுச் சிரித்து, "அவனேதாண்டி!" என்று கத்தினான். அம்மா சமையல்கட்டில் இருந்து எட்டிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய அவனைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு நடந்தோம். ஒரு கம்ப்யூட்டருக்கு எங்கள் தேசுவை எப்படித் தெரியும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியே கோட்டைவரை போய்ச் சேர்ந்தோம். வழியில் கிடைத்ததில் எல்லாம் அவன் பங்கைத் தனியாகச் சுமந்துவந்து, கடைசியில் நின்ற இடத்தில் அவன் காலடியில் குவித்தோம். கடைசியில் அந்தப் பெரிய இரும்புக் கதவு, அதன் முன்னால் இரண்டு காவல் பூதங்கள். பூதங்களை அடித்துவிட்டுக் கதவைத் தொட்டால் முடிந்தது. ஜெரோமின் கை மவுசின்மேல் இருந்தது. அவன் பத்தாம் வகுப்பு முடித்து ஐடிஐ விடுதிக்குப் போகப்போகிற நேரம் அது, போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான். நான் தடுக்கவில்லை. "உனக்கு மஞ்சக்காமால வந்தப்ப யார் உன் பங்க எடுத்து வெச்சது?" என்று மட்டும் கேட்டேன்.  அவன் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டான். "பதிஞ்சி வை" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து அவனை நான் அண்ணன் என்று மனதாரக் கூப்பிட்டேன்.

தேசு வராமல் இல்லை. அந்த வருடம் எங்கள் மாதா திருவிழாவுக்கு எண்ணூரிலிருந்து வந்தான், ஜெரோமும் லீவில் வந்திருந்தான். மூவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம், கரெண்ட் போனது. ராத்திரி வரைக்கும் வரவில்லை. இருட்டுத் திரைக்கு முன்னால், அவன் ஆள் தானாக ஓடிக் கரடியிடம் செத்த கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டே அம்மா செய்த பிரியாணியைச் சாப்பிட்டோம். "கோட்ட எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லிவிட்டுத் தேசு கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

இதனால் எங்களுக்கு நஷ்டமும் உண்டு. சில காலம் கழித்து ஜெரோம் அதே விளையாட்டின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தான். முதல் பாகத்தை முடித்தவர்கள் தங்கள் ஆட்களை அப்படியே அதற்குள் அழைத்து வரலாம், அவர்கள் செய்த நல்லது கெட்டது எல்லாம் ஊருக்கு ஞாபகம் இருக்குமாம். முடிக்காதவர்களை அது உள்ளே விடவில்லை. அதனால் அவன் யாரோ ஒரு முகம் தெரியாத புது ஆளை வைத்து ஆடினான். அந்த ஊர்ச் சந்தையில் எல்லோரும் கோட்டைக் கதவை யாரோ ஒரு மாவீரன் திறந்ததாகப் பேசிக்கொண்டார்கள். "இன்னா கப்ஸா வுடறானுங்க பாரு. கதவு மூடிகினு கீது, எனக்குத் தெரியாதா?" என்று ஜெரோம் திரையைப் பார்த்துத் திட்டினான். இரண்டு நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

இப்போது நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறேன். குடியிருப்பது அதே ராயபுரம், அதே சந்து. ஜெரோம் கப்பலில் இன்ஜின் ரூமில் இருக்கிறான், வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறான். தேசு எண்ணூரில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறான், அந்தப் பக்கத்தில் அவன் கைபடாத படகு கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான். அக்பர் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். மீன்பாடி வண்டியும் குறைந்துவிட்டது. இன்று பிள்ளைகள் ஆடும் விளையாட்டில் உலகமே உள்ளே இருக்கிறது. ஒருவன் போனால் அடுத்த நொடி அந்த இடத்தில் இன்னொருவன் வந்து நிற்கிறான், போனவன் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் அவர்களுக்கான தேசு எங்கேயாவது இருப்பான். எங்கள் ஆட்டம் மட்டும் பிளாப்பியில் இருந்து சிடிக்கு, சிடியில் இருந்து பென் டிரைவுக்கு, அங்கிருந்து என் லேப்டாப்புக்கு என்று வீடு மாறி வீடு மாறி வந்து சேர்ந்திருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு ஜெரோம் ஊரில் இருந்தான். தேசு ஒரு பை நிறைய நண்டோடு வந்தான். காதோரம் நரைத்திருக்கிறது, சிரிப்பு அப்படியே இருக்கிறது. சாப்பிட்டு முடித்து மூவரும் கூடத்தில் அதே மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்தோம். ஜெரோம் ஏதேதோ தட்டி அந்தப் பழைய விளையாட்டைப் புது லேப்டாப்பில் ஓடவைத்தான். கதவு. இரண்டு பூதங்கள். கப்பல்காரி, பாஸ், பச்சைத் தொப்பியோடு தேசு.

"டேய் மாமு, இவன் நானா? இன்னாடா இவ்ளோ ஒல்லியா கீறேன்!" என்றான் தேசு. காலடியில் குவிந்திருந்ததைக் காட்டி, இது என்ன என்று கேட்டான். "உன் பங்கு" என்றேன்.  மவுசை அவன் பக்கம் நகர்த்தினேன். கிரீஸ் கறை போகாத கையால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திருப்பி என்னிடமே தள்ளினான். "இத்தினி வருசமா அவனே தானே போய்க்கினு இருந்தான்? அவன் இஷ்டத்துக்கு வுடு" என்றான்.

விட்டேன். பட்டனை அழுத்தியதும், நானும் ஜெரோமும் வாளை உருவுவதற்குள் அவன் ஆள் ஓடினான், இரண்டு பூதங்களுக்கும் நடுவில் போய் நின்றான், விழுந்தான். தேசு தன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நாங்கள் எப்படியோ பூதங்களை வீழ்த்தினோம். கதவுக்கு முன்னால் இப்போது யாரும் இல்லை. ஒரு விரலால் அழுத்தினால் திறந்துவிடும்.

நான் ஜெரோமைப் பார்த்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இந்த சோம்பேறியத் தூக்குடி. மடத்துக்குப் போலாம்" என்றான். மடம் பக்கத்திலா இருக்கிறது? நடந்துகொண்டிருக்கும்போதே தேசுவுக்கு போன் வந்தது, அதிகாலையில் கடலுக்குப் போக வேண்டிய ஒரு படகின் இன்ஜின் மக்கர் செய்கிறதாம். கதவைத் திறந்துவிடலாமா என்று அவனும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "ரீட்டா, என் பங்க எடுத்து வெச்சிரு" என்றான்.

பூதங்களில் ஒன்றிடமிருந்து எடுத்த தலைக்கவசத்தை, தூக்கி வந்த அவன் ஆளை இறக்கி அவன் காலடியில் வைத்து, ஆட்டத்தைப் பதிந்தேன். லேப்டாப் சத்தமே போடவில்லை. ஜெரோம் அதற்குப் பதிலாகத் தன் வாயாலேயே "கர்ர்... டொக்" என்றான்.